வாடியில் வாடாத மரக்கறி

சென்ற விடுமுறையில் நாங்கள் ஆசிரியர்கள் சிலர், பிள்ளைகளோடு இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்கினோம். மரக்கறிகளைக் கழுவி, பொலித்தீன் பைகளில் இறுகக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தோம். மறுநாள் பின்னேரம் ஐஸ் தண்ணீராகியிருந்தது. வெண்டிக்காயும் தக்காளியும் வழுவழுத்துப் போயின.

இதைக் கேட்ட மூத்தப்பா ஒருவர் சிரித்தார். "மாசக்கணக்கா வாடியில கிடந்த ஆக்கள்ட பேரப்புள்ளைகள் நீங்க. ரெண்டு நாளைக்கு மரக்கறி காக்கத் தெரியல்லயே!"

அவர் சொன்னது நம் ஊர் வரலாறு. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் காத்தான்குடிப் பக்கத்திலிருந்து நேரே படுவான்கரைக்குப் போக, தோணியில் அல்லது பாதையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். அதனால் விதைப்பிலும் அறுவடையிலும் நம்மவர்கள் வட்டையிலேயே வாடி கட்டித் தங்கினார்கள்.

அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டோம். மரக்கறியைக் கழுவாமல் கொண்டுபோவது முதல் விதி. நீற்றுப்பூசணியின் வெள்ளைப் பூச்சைத் துடைக்கக் கூடாது. அது காயைக் காக்கும் இயற்கை மெழுகு. பூசணியைக் காம்போடு வெட்டி, நிலம் படாமல் பரணில் வைப்பார்கள். தேசிக்காயை ஈர மணலில் புதைப்பார்கள். பழுத்த வாழைக்குலையைத் தனியே தூக்குவார்கள். காரணம், பழம் விடும் எத்திலீன் வாயு பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும்.

சிறுபோகத்தில், கச்சான் காற்று வீசும்போது, மரக்கறிப் பானையை நனைத்த சாக்கால் சுற்றி நிழலில் வைப்பார்கள். நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துப் போகும். பெரும்போக மாரியில் இது பலிக்காது. காற்றே ஈரமாயிருப்பதால் நீர் எளிதில் ஆவியாகாது. சாக்கில் பூஞ்சணம்தான் பிடிக்கும். அப்போது உலர்ந்த வைக்கோலில், ஒன்றோடொன்று முட்டாமல் பரப்புவார்கள்.

இதே தத்துவத்தில், ஒரு பானைக்குள் இன்னொரு பானை வைத்து, நடுவே ஈர மணல் நிரப்பிய நைஜீரிய ஆசிரியர் முஹம்மத் பாஹ் அப்பாவுக்கு 2000ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மூன்று நாளில் கெடும் கத்தரிக்காய் அதில் 27 நாள் நின்றதாம். அவரின் பகுதியில் வறண்ட காற்று வீசும். நம் கச்சான் காலம் போல.

நம்மிடம் இந்த அறிவு ஏன் அறுந்தது? 1990இல் போர் மீண்டும் மூண்டபின், நம்மவர் பலரால் படுவான்கரை வயல்களுக்குப் போக முடியவில்லை. வாடியில் தூங்கி வளர வேண்டிய ஒரு தலைமுறை ஊருக்குள்ளேயே வளர்ந்தது. அடுத்த வாடித் தமிழ்க் குடும்பத்தோடு கத்தரிக்காயும் கருவாடும் மாற்றிக்கொண்ட பழக்கமும் அதோடு நின்றது என்று சொல்லும்போது மூத்தப்பாவின் குரல் தளர்ந்தது. இன்று பாலம் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மஃரிபுக்கு முன் வீடு திரும்பிவிடுகிறோம். வாடிக்குத் தேவையில்லை.

பாலம் நமக்கு நன்மைதான். ஆனால் வாடியில் கற்றதை மறக்க அது காரணமாகக் கூடாது. உங்கள் வீட்டிலும் வாடியில் கிடந்த ஒரு மூத்தப்பாவோ மூத்தம்மாவோ இருப்பார்கள். இந்த வெள்ளிக்கிழமை பக்கத்தில் இருந்து கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது நாங்கள் ஐஸ் பெட்டியோடு ஒரு பானையும் ஒரு சாக்கும் கொண்டுபோவோம்.