இறுகிய திருகு சொல்லும் வரலாறு

ஒன்றுக்குள் ஒன்றாக இறுகிவிட்ட இரண்டு எவர்சில்வர் தம்ளர்களை உங்கள் வீட்டில் எப்படிப் பிரிக்கிறார்கள்? உள் தம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளித் தம்ளரை வெந்நீரில் நிறுத்துவார்கள். சற்று நேரத்தில் இரண்டும் பிரிந்துவிடும். பௌதிகப் புத்தகத்தில் ‘வெப்ப விரிவு’ என்று நாம் படிப்பதை அம்மா அடுக்களையிலேயே செய்து காட்டிவிடுகிறார்!

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கத்தில் மரப்பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், என் பழைய மாணவரின் தந்தை. அவருடைய பழைய இழைப்பு இயந்திரத்தில், மேசையை ஏற்றி இறக்கும் திருகு இறுகிப் போயிற்று. இரண்டு ஆண்டுகள் ஓடாமல் கிடந்ததன் விளைவு அது. கைப்பிடியில் குழாயைச் செருகி நெம்பிப் பார்த்தார். சம்மட்டியால் அடித்ததில் வார்ப்பிரும்புக் காது ஒன்றின் முனை உடைந்துவிட்டது. “இன்னொரு அடி விழுந்தா எடைக்குத்தான் போடணும் சார்” என்றார். அதைச் செய்த கம்பெனி இன்று இல்லை. உதிரி உறுப்பும் கிடைக்காது.

இயந்திரம் வந்த கதை

மரவேலை இயந்திரங்களுக்கு வயது இருநூறு ஆண்டுகளுக்கு மேல். இங்கிலாந்தின் சாமுவேல் பெந்தம் 1791, 1793 ஆகிய ஆண்டுகளில் இவற்றுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில், மார்க் புருனெல் வகுத்த திட்டப்படி ஹென்றி மாட்ஸ்லி மரக் கப்பிகள் செய்யும் இயந்திரங்களைக் கட்டினார். 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்யத் தொடங்கினர். 1808-இல் அங்கு 1,30,000 கப்பிகள் உருவாயின.

திருச்சியும் இக்கதையில் இடம் பெறுகிறது. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய இரயில்வேயின் பட்டறை 1928-இல் பொன்மலைக்கு மாறியது. அக்காலத்து இரயில் பெட்டிகளின் உடல் பெரும்பாலும் மரம்தான். சென்னைப் பெரம்பூரில் 1955-இல் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிய பிறகே எஃகுப் பெட்டிகள் மெல்ல மெல்ல அவற்றின் இடத்தைப் பிடித்தன.

ஸ்பேனர் ஏன் வழுக்குகிறது?

பழைய இயந்திரத்தைத் தொடும் முன் மற்றொரு வரலாறும் தெரிய வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வைத்திருந்தது. ஒருவர் செய்த நட்டு மற்றவர் போல்ட்டில் ஏறாது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் அனைவருக்கும் பொதுவான மரை அளவை முன்மொழிந்தார். அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 12 மரைகள். அதன் பழைய அளவு நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடையே சுமார் 23.4 மில்லிமீட்டர். நம் நாடு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறைக்கு மாறியது. இன்று கடையில் வாங்கும் 24 மில்லிமீட்டர் ஸ்பேனரை அந்த நட்டில் மாட்டினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் தளர்வு இருக்கும். பலமாகத் திருகினால் நட்டு அசையாது, மூலைகள்தான் மழுங்கும். பெரியவர் பட்டறையில் நடந்ததும் இதுதான்.

துரு செய்யும் வேலை

இரும்பு துருப்பிடிக்கும்போது அது மெலிவதாக நினைக்கிறோம். உண்மையில், கரைந்த இரும்பைவிடத் துரு இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கிறது. மரைகளுக்கு இடையே அந்த இடம் ஏது? ஆகவே துரு ஆப்புப் போல இறுகுகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கும் மரத்தூள் இதற்குத் துணை நிற்கிறது.

இதற்கு மருந்து வலிமை அன்று, பொறுமை. முதலில் மரத்தூளை முழுவதும் துடைத்தோம். பின்பு மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து மரையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டோம். இடைவெளி எவ்வளவு குறுகலோ, திரவம் அவ்வளவு தூரம் ஏறும் என்று ஜேம்ஸ் ஜூரின் 1718-இல் காட்டினார். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது இதே நுண்புழை ஏற்றத்தால்தான். இரண்டு நாள் காத்திருந்தோம். இடையிடையே மரச்சுத்தியால் மெல்லத் தட்டினோம். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். வளையத் தெரியாது, உடைந்துவிடும்.

கொல்லரின் பௌதிகம்

அப்போதும் திருகு அசையவில்லை. அடுத்தது தம்ளர் முறை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் பட்டை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகப் பட்டையைச் செய்து, காய்ச்சி மாட்டி, நீரூற்றிக் குளிர வைப்பார். 1.5 மீட்டர் விட்டமுள்ள பட்டையின் வெப்பநிலை 500 டிகிரி உயர்ந்தால் விட்டம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் கூடும். நீராவி எஞ்சின் சக்கரங்களுக்கு எஃகு வளையம் மாட்டியதும் இப்படித்தான்.

கொல்லர் இறுக்குவதற்குச் செய்ததை நாங்கள் தளர்த்துவதற்குச் செய்தோம். எண்ணெயை நன்றாகத் துடைத்து, மரத்தூளை அப்பால் அகற்றி, அருகில் ஒரு வாளி நீரும் வைத்துக்கொண்டோம். மண்ணெண்ணெயும் மரத்தூளும் உள்ள இடத்தில் தீச்சுடரைக் கொண்டு வருவது விளையாட்டு அன்று. வெளியே இருக்கும் நட்டை மட்டும் சுற்றிச் சுற்றி ஒரே சீராகச் சூடாக்கினோம். 25 மில்லிமீட்டர் துளையுள்ள இரும்பு நட்டு 200 டிகிரி சூடேறினால் துளை 0.06 மில்லிமீட்டர் விரியும். தலைமயிர் ஒன்றின் தடிப்புத்தான்; ஆனால் துருவின் பிடி உடைய அது போதும்.

பெரியவர் திருகை முதலில் இறுக்கும் பக்கமாகச் சிறிது அழுத்தினார். பிறகு தளர்த்தும் பக்கம். மூன்றாம் நாள் மாலை ‘டக்’ என்று ஓர் ஒலி. கைப்பிடி கால் சுற்று நகர்ந்தது. மீண்டும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகத் திருப்பி, இருட்டுவதற்குள் மேசையை மேலே ஏற்றிவிட்டார். உடைந்த காதின் முனை மட்டும் அப்படியே இருக்கிறது. “அந்த அடியை அடிக்காம இருந்திருக்கலாம்” என்றார்.

மாணவ நண்பர்களே, ஒரு கேள்வி. எஃகுப் போல்ட்டில் பித்தளை நட்டு இறுகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வெந்நீரில் போட்டால் நட்டு தளருமா, இறுகுமா? போல்ட்டு பித்தளையாகவும் நட்டு எஃகாகவும் இருந்தால்? பித்தளை எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு விடை கண்டுபிடியுங்கள். சுத்தியலைத் தேடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.