கெய்ரோ நகரின் குப்பைத் தொழில்

குப்பை உயரும், கோபுரம் தாழும் என்பது பழமொழி. வாழ்வின் நிலையாமையை உணர்த்த எழுந்த இம்மொழி, எகிப்து நாட்டின் தலைநகராகிய கெய்ரோவில் நேர்ப்பொருளிலேயே ஒருமுறை மெய்யாயிற்று. அந்நகரின் குப்பையைத் தலைமுறை தலைமுறையாக அகற்றிவந்த சிறு தொழிலாளரை ஒதுக்கிப் பெருநிறுவனங்களை அமர்த்திய பின்னர், தெருக்களிற் குப்பை மேடிட்டது. அஃது ஏன் நேர்ந்தது என்பதை அறிய, அத்தொழில் வளர்ந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

உரிமையும் உழைப்பும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேற்குப் பாலைவனத்துத் தாக்லாச் சோலைப் பகுதியினின்று மக்கள் சிலர் கெய்ரோவிற் குடியேறினர். சோலையிலிருந்து வந்தோர் என்னும் பொருளில் அவர்கள் வாஹியா எனப்பட்டனர். கட்டட உரிமையாளருக்கு ஒரு தொகை கொடுத்து, அங்குள்ள வீடுகளின் குப்பையை எடுக்கும் உரிமையை இவர்கள் பெற்றனர். குடியிருப்போரிடம் மாதந்தோறும் கூலி வாங்கினர். எடுத்த குப்பையை உலர்த்தி, பொதுக் குளியற்கூடங்களுக்கும் பயறு வேகவைக்கும் அடுப்புகளுக்கும் எரிபொருளாக விற்றனர். இவ்வாறு ஒரே பொருளில் இருவழி வருவாய் கிட்டியது.

பின்னர் எண்ணெய் எரிபொருள் பரவவே, அவ்விற்பனை குன்றியது. அவ்வேளையில், 1930களிலும் 1940களிலும், அஸ்யூத் முதலிய தென்பகுதிகளிலிருந்து ஏழை உழவர் பலர் நகரத்தை நாடி வந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் கோப்தியக் கிறித்தவர், பன்றி வளர்ப்பவர். வீட்டுக் குப்பையிலுள்ள உணவு மிச்சம் பன்றிகளுக்கு இரையாகுமன்றோ? ஆகவே அவர்கள் வாஹியாரை அடுத்துக் குப்பையைச் சுமக்கும் பொறுப்பை ஏற்றனர். இவர்களே ஸப்பாலீன், அதாவது குப்பைக்காரர், எனப் பெயர் பெற்றோர். எடுக்கும் உரிமையும் மாதக் கூலியும் வாஹியாருடையன. சுமக்கும் உழைப்பு ஸப்பாலீன் மக்களுடையது. பிறர் வேண்டாவென எறிந்ததே இவர்களுக்கு ஊதியமாயிற்று.

கழுதை வண்டியிலிருந்து இயந்திரம் வரை

ஆடவரும் சிறுவரும் கழுதை வண்டியுடன் சென்று, மாடிதோறும் ஏறி, வீட்டு வாயிலிலேயே குப்பையைப் பெற்றனர். பெண்டிரும் சிறுமியரும் அதனை வீட்டில் கொட்டித் தரம் பிரித்தனர். தாள், தகரம், கண்ணாடி, கந்தல், எலும்பு என ஒவ்வொன்றும் தனித்தனி வணிகரைச் சென்றடைந்தது. உணவு மிச்சத்தைப் பன்றிகள் தின்றன. பன்றிச் சாணம் எருவாயிற்று.

1970ஆம் ஆண்டையொட்டி, இம்பாபாப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டோர் முக்கத்தம் குன்றின் அடிவாரத்தில் தகரக் குடிசைகள் அமைத்துக் குடியேறினர். தொடக்கத்தில் அங்குக் குழாய்நீருமில்லை, மின்சாரமுமில்லை. 1980களில் சிறுகடன் உதவியுடன் சில குடும்பங்கள் பிளாஸ்டிக்கை அரைக்கும் இயந்திரங்களை வாங்கின. அதுவரை பிரித்துவிற்ற குடும்பம், அரைத்துக் கழுவி விற்கத் தொடங்கியதும் விலை உயர்ந்தது. தொழில் வளர்ந்த வழி இதுவே: வண்டிகளைப் பெருக்கியதினும், வந்த பொருளின்மீது மேலும் ஒருபடி உழைத்ததே மிகுதி.

1990ஆம் ஆண்டில் கழுதை வண்டிகளுக்கு நகர ஆட்சி தடை விதித்தது. சிறு லாரி வாங்க இயன்றோர் நிலைத்தனர், இயலாதோர் தளர்ந்தனர்.

ஒப்பந்தம் அறியாத கணக்கு

2003ஆம் ஆண்டில் இத்தாலிய, எசுப்பானிய நிறுவனங்களுடன் 15 ஆண்டு ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. கட்டணம் மின்சாரச் சீட்டிற் சேர்க்கப்பட்டது. வாயிலில் வந்து வாங்கிய வழக்கம் நீங்க, தெருத் தொட்டியில் மக்களே கொண்டுபோய்க் கொட்டவேண்டியதாயிற்று. குறுகிய சந்துகளில் பெரிய லாரிகள் நுழையவும் இயலவில்லை.

இவற்றினும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. ஸப்பாலீன் மக்கள் தாம் திரட்டியதில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மீண்டும் பயன்படுத்தினர் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் விதித்ததோ 20 விழுக்காடே, எஞ்சியதைப் புதைக்கலாம். நிறுவனத்திற்குக் குப்பை அகற்றவேண்டிய சுமை. ஸப்பாலீன் மக்களுக்கோ அது மூலப்பொருள். அகற்றுவது அவர்தம் தொழிலின் முதற்படியேயன்றி முடிவன்று. இக்கணக்கை ஒப்பந்தம் எழுதியோர் அறிந்திலர். விரைவிலேயே அந்நிறுவனங்கள் அவர்களையே குறைந்த ஊதியத்திற்குத் துணைக்கு அழைக்க நேர்ந்தது.

2009ஆம் ஆண்டில் மற்றோர் அடி விழுந்தது. பன்றிக் காய்ச்சல் அச்சத்தால், நாட்டிலிருந்த ஏறத்தாழ 3 இலட்சம் பன்றிகளைக் கொல்லுமாறு அரசு ஆணையிட்டது. அப்போது எகிப்தில் ஒருவருக்கும் அந்நோய் கண்டிலது; பன்றிகளைக் கொல்வதால் பயனில்லை என உலகச் சுகாதார அமைப்பும் கூறியது. பன்றிகள் அழிந்ததும் உணவு மிச்சத்தை எடுப்பதில் இலாபம் இல்லாதுபோயிற்று. எடுப்பாரின்றி அது தெருவிலேயே அழுகியது. சங்கிலியின் ஒரு கண்ணி அறவே, தொழில் முழுதும் தள்ளாடியது.

முக்கத்தம் மக்களிடையே பல ஆண்டுகள் பணியாற்றிய லைலா இசுக்கந்தர் 2013ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் அமைச்சரானார். அதன்பின் ஸப்பாலீன் குடும்பங்கள் தம் தொழிலை நிறுவனங்களாகப் பதிவு செய்துகொள்ள வழி பிறந்தது. நகரம் நெடுங்காலம் பயன்கொண்டபின், அவர்தம் தொழிலுக்குத் தொழில் என்னும் பெயர் கிடைத்தது.

எனினும், இத்தொழிலைப் போற்றுவோர் மறைக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. மருத்துவமனை ஊசியும் உடைந்த கண்ணாடியும் கலந்த குவியலை வெறுங்கையாற் கிளறியவர் பெண்டிரும் பிள்ளைகளுமே. ஈரல் நோய் அவர்களைப் பெரிதும் வருத்தியது. வீட்டிலேயே உணவு மிச்சத்தை வேறாகப் பிரித்துத் தருவது குடியிருப்போர்க்குச் சிறு வேலை. அச்சிறு வேலையைச் செய்ய நகரம் முன்வரும் அளவிற்கே, முக்கத்தம் சிறுமியின் கைக்குக் காவல் உண்டு.