கிடை மாடு

அலங்காநல்லூர், பாலமேடு வாடிவாசலில் சீறி வரும் காளையைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. அதை ஈன்ற பசுவைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

புலிக்குளம் மாடு என்பது ஏட்டுப் பெயர். மானாமதுரைப் பக்கம் உள்ள ஊரை வைத்து வந்தது. நமக்குக் கிடை மாடு என்றால்தான் தெரியும். மதுரை, சிவகங்கைச் சீமையில் கோனார்களும் மற்றவர்களும் தலைமுறையாக வளர்த்தவை. பல வீட்டு மாடுகள் ஒன்று சேர்ந்து நூற்றுக்கணக்கில் ஒரு கிடையாகும். பகலில் மேய்ச்சல், இரவில் யாராவது ஒருவரின் வயலில் படுக்கை.

ரீகல் தியேட்டரில் கவ்பாய் படம் பார்த்த நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படங்களில் பண்ணைக்காரனுக்கு மாடும் சொந்தம், நிலமும் சொந்தம். நம் கிடைக்காரருக்கு மாடு மட்டும்தான் சொந்தம். புல் ஊருடையது, கண்மாயுடையது, காட்டுடையது.

அதற்கு ஈடாக அவர் தந்தது எரு. அறுப்பு முடிந்த தரிசில் கிடை போட்டால் சாணமும் கோமியமும் அங்கேயே விழும். வண்டி கட்டி அள்ள வேண்டாம், கொட்ட வேண்டாம். மறுநாள் அடுத்த வயல். கூலி நெல்லாகவோ பணமாகவோ வரும். யூரியா மூட்டை வராத காலத்தில், சொந்தமாக மாடு இல்லாத சம்சாரிக்கும் எரு கிடைத்தது இப்படித்தான். முனிசிபாலிட்டி தெருவுக்குத் தெரு தண்ணீர் விடுவது போல, இவர்கள் வயலுக்கு வயல் எரு விட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. கிடை போட்டவர் பெயரை நான் எந்தக் கல்லிலும் பார்த்ததில்லை.

பால் சொற்பம், கன்றுக்கே சரியாகிவிடும். கிடைக்கூலியும், ஜல்லிக்கட்டுக்கு விற்கும் காளைக்கன்றும்தான் வருமானம்.

பிறகு உரம் வந்தது, பம்புசெட் வந்தது, தரிசு குறைந்தது. கண்மாயில் சீமைக்கருவேலம், புறம்போக்கில் வீட்டுமனை. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021இல் புலிகள் காப்பகமானது. 2022இல் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சல் கூடாது என்று உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. காட்டைக் காக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மாட்டை வேறு எங்கே ஓட்டுவது?

2012இல் இதைத் தனி இனமாகப் பதிவு செய்தார்கள். 2014 தடை, 2017 சட்டம், 2023 தீர்ப்பு எல்லாம் காளைக்காக. மேய்ச்சல் தரைக்காக மெரினாவில் யாரும் உட்காரவில்லை.

இப்போது இயற்கை விவசாயம் செய்பவர்கள் கிடை கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். வயல் தயார்தான். நடுவில் நான்குவழிச் சாலை, அதைத் தாண்டித்தான் மாடு வர வேண்டும்.