வீராம்பட்டினத்து மீன்பிடி தொழிலும் அரிக்கமேட்டு வரலாறும்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றிற்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் வீராம்பட்டினம் என்னும் மீனவர் பேரூர் அமைந்துள்ளது. இவ்வூரை அடுத்து, ஆற்றின் தென்கரையில் உள்ளதே அரிக்கமேடு. உரோம நாட்டு வாணிகத்தோடு தொடர்புடைய இடமென உலகம் அறிந்த அம்மேட்டைப் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. ஆயின், அதன் அருகே நாள்தோறும் வலை வீசி வாழ்ந்த மக்களின் தொழில் அவ்வரலாற்றின் புறத்தே நிறுத்தப்பட்டுள்ளது. கரையோர மீன்பிடி தொழிலை அறியாமல் அத்துறைமுகத்தின் தோற்றத்தை முற்றும் விளக்குதல் இயலாது என்பதனை ஈண்டு நிறுவ முயல்கின்றோம்.

ஆராய்ச்சியாளர் கண்ட மீனவர்

1768-ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானநூலறிஞர் லெ ழாந்தி, இவ்வூர் மக்கள் ஆற்றங்கரையிலிருந்து பழம் பெருஞ் செங்கற்களை எடுத்து வந்ததைக் குறித்துள்ளார். அவை வீரராகவன் என்னும் அரசனது கோட்டையைச் சார்ந்தவை என ஊரார் அவரிடம் கூறினர். ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து, 1937-இல், ழுவோ துப்ரேய் அவ்விடத்தின் சிறப்பை ஆராய்ச்சி உலகிற்கு உணர்த்தினார். அவர்க்கு மணிகளையும் பிற பழம்பொருள்களையும் கொணர்ந்து காட்டியவர் அப்பகுதிச் சிறுவரே. 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை ழான் மரி கசாலும் அங்கு அகழ்ந்தனர்.

வீலர் தம் நூலில் தீட்டிய காட்சி யாவரும் அறிந்தது. கரையில் எளிய மீனவர் சிலர் சிறு படகுகளில் மீன்பிடித்து, மாற்றமின்றி வாழ்ந்தனர். மேலைக் கடலார் வந்தபின் திடீரென அங்கே பெருவாணிகம் தோன்றிற்று என்பது அதன் சாரம். இக்கருத்து பிற்கால ஆய்வால் தளர்ந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நிகழ்ந்த அகழ்வு, மேலைக் கடலார் தொடர்பிற்கு முன்னரே அங்கே குடியிருப்பும் வாணிகமும் இருந்தமையை வலியுறுத்தியது. மேலை நாட்டதென ஒருகாலத்துக் கருதப்பட்ட உருளை அணிப் பானையும் இந்திய மண்ணில் வனைந்ததே என இன்று கொள்ளப்படுகின்றது. ஆயினும் ‘எளிய மீனவர்’ என்னும் அடை மட்டும் போதிய ஆய்வின்றி நிலைத்துவிட்டது. அத்தொழில் எளியதுதானா என ஆராய்தல் வேண்டும்.

கரையின் இயல்பும் கலங்களும்

சோழமண்டலக் கரையின் இப்பகுதியில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கரையோரக் கடல் ஆழம் குறைந்தது, அடி மணற்பாங்கானது. மணற்றிட்டின்மேல் அலைகள் மடிந்து உடைகின்றன. ஆற்று முகமோ மணலால் அடிக்கடி தூர்வது. எனவே பெருங்கலங்கள் கரையை அணுக இயலாது தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. அக்கலங்களுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் பொருளையும் கடத்தியவை, அலையறிந்த இக்கரை மக்களின் சிறு கலங்களே.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்து அவ்வாறு பயன்பட்டது சலங்கு. ஆணியால் அறையாது கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்தமையால், அது அலையின் மோதலுக்கு வளைந்து கொடுக்கும். அப்பெயரையே பிரெஞ்சுக்காரரும் தம் மொழியில் திரித்து வழங்கினர். கட்டுமரம் என்னும் சொல் ஆங்கிலம் முதலிய மொழிகளிற் சென்று கலந்தமையும் யாவரும் அறிந்ததே. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய ‘செங்கடற் பயணக் குறிப்பு’ என்னும் கிரேக்க நூல், பொதுகே என்னும் துறையைக் குறிப்பிடுகின்றது. அதனை அறிஞர் பலர் புதுச்சேரிப் பகுதியோடு பொருத்துவர். ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்னும் பெருங்கலங்கள் இக்கரையில் இயங்கின என்றும் அந்நூல் கூறும். மரங்களைப் பிணைத்துக் கலம் செய்யும் முறை அந்நாளிலேயே இக்கரையில் வழங்கியமைக்கு இது சான்றாகும்.

தொழிலறிவு

கட்டுமரம் அறியாமையின் சின்னமன்று. பிளந்து செதுக்கிய மரங்களைக் கயிற்றால் இறுக்குவதால் ஏறிய நீர் இடைவெளி வழியே வடிந்துவிடும், கலம் அமிழாது. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து உலர்த்துவர்; ஊறிய மரம் கனக்கும் என்பது கருதி. அலைகள் வலிந்தும் மெலிந்தும் வருவதால், மெலியும் பொழுதறிந்தே கலத்தைத் தள்ளுவர்.

கரைவலை இழுப்பிற்குப் பாறையற்ற மணலடி வேண்டும். கயிற்றின் ஒரு தலையைக் கரையில் நிறுத்தி, கலம் வளைந்து சென்று வலையை இறக்கி, மறுதலையைக் கரைக்குக் கொணரும். இரு சாராரும் இழுத்துக்கொண்டே ஒருவரையொருவர் நெருங்குவர். நெத்திலியும் சாளையும் நடுவிலுள்ள மடியிற் சேரும். நீரோட்டம் மிகுந்தால் வலை முறுகிவிடும். ஆகவே வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றைத் திசையால் பகுத்தறிதலும், ஆழத்தைப் பாகக் கணக்கால் அளத்தலும் இன்றியமையாதனவாயின. பலர் கூடி இழுப்பதால் பங்கும் முறையும் வகுக்கப்பட்டன; வழக்குகளை ஊர்ப் பஞ்சாயத்தார் தீர்த்தனர். கருவி, கணிப்பு, கட்டுப்பாடு மூன்றும் அமைந்த தொழிலை எளியதெனல் பொருந்தாது.

பெயர் ஒன்று, மரபு இரண்டு

இவ்வூரிலுள்ள செங்கழுநீர் அம்மன் கோயில் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. வீரராகவர் என்னும் மீனவர் வலையில் மீன் படாது மரக்கட்டை ஒன்று சிக்கியது என்றும், அதனைப் பிளக்க முற்பட்டபோது குருதி பெருகிற்று என்றும் கூறுவர். லெ ழாந்தியிடம் ஊரார் அரசனுக்குச் சொன்ன பெயர், கோயில் மரபில் மீனவனுக்கு உரியதாகின்றது. இவற்றுள் முந்தியது எதுவெனத் துணிதற்குச் சான்றில்லை. எனினும், பழங்கோட்டையையும் வலையையும் ஒரே பெயரால் நினைவுகூர்ந்தனர் இவ்வூரார் என்பது தெளிவு. ஆடித் தேர்விழாவில் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கம், ஆட்சி மாறிய பின்னரும் துணைநிலை ஆளுநரால் தொடர்கின்றது.

இன்றைய நிலை

1980-களின் இறுதியில் ஆற்று முகத்தில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அவற்றால் தடைப்பட்டது. தென்பால் மணல் குவிய, வடபால் நகரக் கடற்கரை அரிக்கப்பட்டது. கரையின் இயல்பை அறியாது செய்வதன் விளைவை இது காட்டும். 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் குறைந்து இழைப்படகுகள் பெருகின. சுருக்குவலை பற்றிய பூசல் 2021 ஆகசுட்டில் வீராம்பட்டினத்தார்க்கும் நல்லவாட்டார்க்கும் இடையே கடலில் மோதலாக மூண்டது. தமிழ்நாட்டுத் தடை பற்றிய வழக்கில், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரு நாள் மட்டும் அவ்வலையைப் பயன்படுத்தலாம் என உச்ச நீதிமன்றம் 2023 சனவரியில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஒரு கரையினர் தமக்குள் வகுத்துக்கொண்ட முறை, புதிய கருவியின் வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலாமையே இதன் உட்பொருள் என்பது எம் கருத்து.

முடிவுரை

அரிக்கமேட்டு மண்ணடுக்குகள் மீண்டும் ஆராயப்படலாம். அவை அங்கேயே இருக்கும். கட்டுமரம் கட்டவும் காற்றைப் பெயரிட்டழைக்கவும் அறிந்த முதியோர் அவ்வாறு இரார். அவர்தம் சொற்களை உரிய பொருளோடும் வழங்கும் இடத்தோடும் தொகுத்தல் தமிழாய்வுத் துறைகளின் உடனடிக் கடமையாகும். துறைமுகம் மீனவரை விழிப்பித்தது என்பதினும், மீனவர் அறிவின்மேல் துறைமுகம் எழுந்தது எனக் கொள்ளுதலே சான்றுகளுக்கு இயைவது என்பது எம் துணிபு.