மீனின் உடலுக்குள் ஒரு வம்சாவளி

கருவுற்ற ஒரே செல்லிலிருந்து உடலின் அத்தனை செல்களும் எப்படிக் கிளைத்தன என்று கண்டறிவதே செல் வம்சாவளி ஆய்வு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சார்லஸ் விட்மன் அட்டையின் கருவை நுண்ணோக்கியில் பார்த்து இதற்கு அடித்தளமிட்டார். 1983இல் ஜான் சல்ஸ்டனும் உடன் உழைத்தவர்களும் ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழுவின் கருவளர்ச்சியைச் செல் செல்லாகப் பின்தொடர்ந்து முடித்தனர். முதிர்ந்த புழுவின் 959 உடற்செல்களுக்கும் மூதாதைச் செல் தெரிந்துவிட்டது. கண்ணாலேயே பார்த்துச் செய்த அந்த உழைப்புக்கு ஈடில்லை. ஆனால் அந்தப் புழு ஒளி ஊடுருவும் உடலுடையது. அந்த இனத்தின் எல்லாப் புழுக்களிலும் செல்கள் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் பிரிகின்றன. முதுகெலும்புள்ள விலங்குகளில் அப்படியில்லை.

அங்கே வழி திறந்தது இந்திய ஆற்று மீன் ஒன்று. 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கொங்கு நாடு, மலபார் என்று சுற்றிக் குறிப்பெழுதிய பிரான்சிஸ் புக்கானன்தான், பின்னாளில் ஹாமில்டன் என்ற பெயரில், 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் நூலில் வரிக்குதிரை மீனை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்வதால் ஆய்வகங்கள் அதை விரும்பின.

2016இல் ஆரன் மெக்கென்னா, ஜே ஷெண்டூர், அலெக்ஸாண்டர் ஷியர் குழுவினர் இம்மீனின் மரபணுத்தொகுதியில் 10 வெட்டுமிடங்கள் கொண்ட ஒரு துண்டைச் சேர்த்தனர். ஒற்றைச் செல் நிலையிலேயே டி.என்.ஏ.வை வெட்டும் கிரிஸ்பர் கருவியைச் செலுத்த, வளரும் கருவில் அந்த இடங்கள் வெட்டுப்பட்டன. செல் அவற்றை ஒட்டும்போது டி.என்.ஏ.வின் சில எழுத்துகள் விடுபட்டன, சில புதிதாக நுழைந்தன. அந்தத் தழும்பு சந்ததிச் செல்களுக்கெல்லாம் இறங்கியது. ஏடு பெயர்த்தெழுதியவரின் பிழை அடுத்தடுத்த படிகளிலும் தொடர்வதை வைத்துச் சுவடிகளின் உறவை அறியும் பதிப்பாசிரியரின் முறையே இங்கும் செயல்பட்டது. வளர்ந்த மீனின் ஒவ்வோர் உறுப்பிலும் பெரும்பாலான செல்கள் கருவின் மிகச் சில முன்னோர்ச் செல்களிலிருந்தே வந்தவை என்று தெரிந்தது.

தழும்பு உறவைச் சொன்னது. அந்தச் செல் நரம்பா, குருதியா என்று சொல்லவில்லை. 2018இல் வெளிவந்த மூன்று ஆய்வுகள் அந்தக் குறையைத் தீர்த்தன. ஒவ்வொரு செல்லின் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே வாசித்து, வகையையும் வம்சத்தையும் ஒருசேர அறிந்தனர். அவற்றுள் ஒன்றைச் செய்த உட்ரெக்ட் குழு, மீனின் துடுப்பில் தங்கியிருந்த சில நோயெதிர்ப்புச் செல்களுக்கு மற்றக் குருதிச் செல்களினின்று வேறான பிறப்பு உண்டு என்று கண்டது.

இம்முறைக்கு இடர்களும் உண்டு. பெரிய வெட்டு ஒன்று அருகிலுள்ள முந்தைய தழும்புகளையும் துடைத்துவிடுகிறது. உறவில்லாத இரு செல்களில் தற்செயலாக ஒரே தழும்பு விழுந்தால், அவை உடன்பிறப்புகளாகத் தவறாகக் கணக்கிடப்படும்.