பிறவிக்குணமா, வளர்ப்பா? – நாய்க்குட்டிகள் சொன்ன பதில்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று நம் பெரியவர்கள் மனிதர்களைப் பற்றித்தான் சொல்லி வைத்தார்கள். நாய்களின் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. அங்கே ஐந்து வருடமெல்லாம் கிடையாது. பிறந்த முதல் பன்னிரண்டு வாரங்கள்தான்! இது எப்படித் தெரியவந்தது என்பது ஒரு சுவாரசியமான வரலாறு.

முதல் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. இந்த யோசனை பிறகு அமெரிக்காவுக்கும் போனது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942ல் கலிஃபோர்னியாவில் 'கைடு டாக்ஸ் ஃபார் தி பிளைண்ட்' என்ற அமைப்பு உருவானது. வழிகாட்டி நாய் என்பது விளையாட்டுக் காரியம் அல்ல. சாலையைக் கடக்கும்போது நாய் ஒரு நொடி மிரண்டால் போதும், போவது மனித உயிர்.

ஆனால் அப்படிப்பட்ட நாய்கள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அங்கே குட்டிகளைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறையை உருவாக்கிய கிளாரன்ஸ் ஃபாஃபன்பெர்கர் தரும் கணக்குப்படி, 1946ல் பயிற்சியைத் தொடங்கிய நாய்களில் 9 சதவீதம்தான் தேறின. நல்ல ஜாதி நாய்கள்தான், பயிற்சியாளர்களும் கெட்டிக்காரர்கள்தான். பிறகு எங்கே கோளாறு?

விடை அமெரிக்காவின் மறுகோடியில் இருந்தது. மேய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் பசெஞ்சி, பீகிள், காக்கர் ஸ்பேனியல், ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஃபாக்ஸ் டெரியர் என ஐந்து இன நாய்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 1965ல் புத்தகமாக வந்தது. நாய்க்குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் காலம் சுமார் மூன்றாம் வாரத்தில் தொடங்கி பன்னிரண்டாம் வாரத்தோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முக்கியமான உண்மை.

இதை 1961ல் வெளியான ஒரு சோதனை பளிச்சென்று காட்டியது. உயரமான வேலி போட்ட வயல்வெளியில், மனிதர்களைப் பார்க்காமலே குட்டிகள் வளர்க்கப்பட்டன. வெவ்வேறு வயதில் சில குட்டிகளை மட்டும் வெளியே எடுத்து, ஒரே ஒரு வாரம் மனிதர்களோடு பழகவிட்டார்கள். ஐந்து முதல் ஏழு வார வயதில் வந்த குட்டிகள் நன்றாக ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம் வரை வேலிக்குள்ளேயே இருந்த குட்டிகளோ காட்டு விலங்குகளைப் போல மிரண்டு ஓடின. இளம் குட்டிக்குப் புதியவர்களைக் கண்டால் ஆர்வம் அதிகம், பயம் குறைவு. வாரங்கள் போகப் போக பயம் வளர்ந்து ஆர்வத்தை மிஞ்சிவிடுகிறது. கதவு மெல்ல மூடிக்கொள்கிறது.

இப்போது கலிஃபோர்னியாவுக்குத் திரும்புவோம். அங்கே குட்டிகளை எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை வாராவாரம் சோதித்து, பிறகு வளர்ப்பு வீடுகளுக்கு அனுப்புவது வழக்கம். சில குட்டிகள் மட்டும் வீடு கிடைக்கும்வரை கொட்டகையிலேயே காத்திருந்தன. ஃபாஃபன்பெர்கரும் ஸ்காட்டும் 1959ல் இந்தக் காத்திருப்பைக் கணக்கிட்டார்கள். சோதனையில் தேறி ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குப் போன குட்டிகளில் சுமார் 90 சதவீதம் வழிகாட்டி நாய்கள் ஆயின. மூன்று வாரத்துக்கு மேல் கொட்டகையில் கிடந்தவற்றில் சுமார் 30 சதவீதம்தான்! இரண்டு வகையும் அதே சோதனையில் தேறிய குட்டிகள். யாரும் அவற்றை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. சும்மா விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அதுவே பெரிய தவறாகிவிட்டது.

தனிமை அறிவையும் பாதிக்கும் என்பதைக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1950களில் நடந்த ஆய்வுகள் காட்டின. கூண்டில் தனியே வளர்ந்த ஸ்காட்டிஷ் டெரியர்கள், வீட்டில் வளர்ந்த நாய்கள் எளிதாகச் செய்த புதிர்களில் தடுமாறின. எரியும் தீக்குச்சியில் மூக்கு சுட்ட பிறகும் மறுபடி அதன் அருகிலேயே போயின!

அப்படியானால் வளர்ப்புதான் எல்லாம், பிறவிக்குணம் ஒன்றுமில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. டேனியல் ஃப்ரீட்மன் 1958ல் நான்கு இனக் குட்டிகளில் பாதியைச் செல்லமாகவும் பாதியைக் கண்டிப்போடும் வளர்த்தார். பிறகு உணவைத் தொடாதே என்று தண்டித்துவிட்டு, அறையை விட்டு வெளியேறி, என்ன செய்கின்றன என்று கவனித்தார். பசெஞ்சிகள் எப்படி வளர்ந்திருந்தாலும் சாப்பிட்டன. ஷெட்லாண்ட் ஷீப்டாக்குகள் எப்படி வளர்ந்திருந்தாலும் தொடவில்லை. பீகிள், ஃபாக்ஸ் டெரியர் இரண்டிலும்தான் வளர்ப்பு வேலை செய்தது. அதிலும் ஆச்சரியம், செல்லமாக வளர்ந்தவைதான் தண்டனைக்கு அதிகம் அடங்கின! ஒரே தவறு எல்லா நாயையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

கலிஃபோர்னியாவில் நல்ல பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது, குட்டிகளைச் சோதிப்பது, சரியான வயதில் வீட்டுக்கு அனுப்புவது என்ற மூன்றும் சேர்ந்தன. 1958ல் தேர்ச்சி 90 சதவீதத்தை எட்டியதாக ஃபாஃபன்பெர்கர் எழுதுகிறார். நல்ல விதையும் வேண்டும், பருவத்தில் தண்ணீரும் வேண்டும். பருவம் தப்பிய பிறகு ஊற்றினால் பயிர் பிழைக்கலாம், முழு விளைச்சல் வராது.

தடுப்பூசிகள் எல்லாம் முடியட்டும் என்று குட்டியை மாதக்கணக்கில் மூலையில் கட்டிவைப்பவர்கள் உண்டு. முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆனதுமே, சுத்தமான இடங்களில் கவனத்தோடு மனிதர்களிடமும் மற்ற நாய்களிடமும் பழக்கலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நடத்தை கால்நடை மருத்துவர் சங்கம் 2008ல் தெளிவாகச் சொன்னது. அதையும் கேட்காமல் வளர்த்துவிட்டு, பிறகு யாரைக் கண்டாலும் குலைத்து நடுங்கும் நாயைப் பார்த்து "இது ஜாதியே சரியில்லை" என்று தெருவில் விட்டுவிடுகிறார்கள். மூடிய கதவுக்கு உள்ளே இருப்பது நாய். கதவை மூடியது யார் என்று அதனால் சொல்ல முடியாது, அதுதான் வேதனை.