நிலநடுக்கப் பிணைப்பு: கட்டடங்களின் இயந்திர, மின் கருவிகள்

கட்டடத்துக்குள் இருக்கும் ஜெனரேட்டர், மின்மாற்றி, பேனல் போர்டு, பம்ப், குளிர்சாதன இயந்திரம், லிஃப்ட், குழாய், கேபிள் தட்டு முதலியவை நிலநடுக்கத்தின்போது நகராமலும் கவிழாமலும் அறுந்து விழாமலும் இருக்க, அவற்றைத் தளத்தோடும் சுவரோடும் கூரையோடும் இறுக்கிப் பிடிக்கும் பொறியியல் முறை நிலநடுக்கப் பிணைப்பு எனப்படும். கட்டடம் இடியாமல் நிற்பது உயிர் காக்கும் முதல் படி. நின்ற கட்டடத்தில் மின்சாரமும் தண்ணீரும் ஆக்சிஜனும் தடைபடாமல் இருப்பது இரண்டாம் படி. மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், குடிநீர் நிலையம், தொலைத்தொடர்பு நிலையம் ஆகியவற்றுக்கு இரண்டு படிகளும் சம அளவில் முக்கியம். அமெரிக்கக் கட்டடங்களைப் பற்றி டகாவி, மிராண்டா ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மருத்துவமனைக்கு ஆகும் செலவில் தூண், உத்தரம், தளம் ஆகியவற்றின் பங்கு சுமார் 8 விழுக்காடுதான். எஞ்சிய பணமெல்லாம் கருவிகளிலும் குழாய்களிலும் உட்பூச்சு வேலைகளிலும் இருக்கிறது.

1900-ஆம் ஆண்டு நிலநடுக்கமும் கொங்கு நாடும்

1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோயம்புத்தூர்ப் பகுதியை நிலநடுக்கம் தாக்கியது. அதன் அளவு சுமார் 6 என்று மதிப்பிடப்படுகிறது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. கோவையிலும் குன்னூரிலும் அதிர்வின் கடுமை, கடுமை அளவுகோலின் ஏழாம் படியை எட்டியது. இதே கொங்கு நாட்டில், அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த அவிநாசி, 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கோவைக்கு வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் வந்துவிட்டது என்றாலும், 1900-இல் அந்நகரில் லிஃப்ட், ஜெனரேட்டர், கூரையில் தொங்கும் குழாய் போன்றவை அரிதாகவே இருந்திருக்கும். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகே ஆலைகள் பெருகின. மோட்டார், பம்ப் தொழில்கள் வளர்ந்தன. இன்று அவிநாசி சாலை நெடுகிலும் பெரிய மருத்துவமனைகளும் பல மாடி அலுவலகங்களும் நிற்கின்றன. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றின் உபரி நீரை 6 நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. 1900-இல் வந்த அதே அளவு அதிர்வு இன்று வந்தால் பாதிக்கப்படக்கூடிய கருவிகளின் எண்ணிக்கை அன்றைய நிலையோடு ஒப்பிடவே முடியாதது.

ஆலை இயந்திரங்களைப் பவுண்டேஷன் போல்ட் போட்டுத் தரையில் இறுக்குவது கொங்கு நாட்டு ஃபிட்டர்களுக்கு நன்கு பழகிய வேலை. அந்தப் போல்ட் இயந்திரம் ஓடும்போது எழும் அதிர்வைத் தாங்கப் போடப்படுவது. நிலநடுக்கத்தில் கட்டடமே இயந்திரத்தை எல்லாப் பக்கமும் இழுத்து ஆட்டுகிறது. அந்த விசைக்குத் தனிக் கணக்கு தேவை. அதிர்வு கட்டடத்துக்குள் பரவாமல் இருக்க ரப்பர் பேடு அல்லது ஸ்பிரிங் மீது சும்மா உட்கார வைக்கப்படும் கருவிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

துறை உருவான வரலாறு

1964 மார்ச் 27-இல் அலாஸ்காவில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு, இயந்திரப் பொறியாளர் ஜே. மார்க்ஸ் ஏர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் கட்டடங்களின் உள்ளே நேர்ந்த சேதங்களை முறையாகப் பதிவு செய்தனர். அந்த அறிக்கை 1973-இல் வெளியானது.

துறையின் திருப்புமுனை 1971 பிப்ரவரி 9-இல் கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோவில் நிகழ்ந்தது. புதிதாகக் கட்டப்பட்ட ஆலிவ் வியூ மருத்துவமனை கடுமையாகச் சேதமடைந்தது. மின்சாரம் நின்று, மாற்று மின்வசதியும் கைகொடுக்காததால், உயிர்காப்புக் கருவிகளை நம்பியிருந்த இரண்டு நோயாளிகள் இறந்தனர். அதே நிலநடுக்கத்தில் 674 லிஃப்ட்களின் எதிர் எடைகள் வழிகாட்டித் தண்டவாளத்தைவிட்டு வெளியேறின. இதன் விளைவாக இயற்றப்பட்ட கலிபோர்னிய மருத்துவமனைச் சட்டம் 1973-இல் நடைமுறைக்கு வந்தது. நிலநடுக்கத்துக்குப் பிறகும் மருத்துவமனை இயங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1978-இல் அமெரிக்காவில் வெளியான ஏடிசி 3-06 என்ற நிலநடுக்க வடிவமைப்பு ஆவணம் கருவிகளுக்கான கணக்கு முறையை விரித்துரைத்தது.

அதே இடத்தில் மீண்டும் கட்டப்பட்ட ஆலிவ் வியூ மருத்துவமனை 1994 ஜனவரி 17-இல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தைச் சந்தித்தது. அதன் கூரையில் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 2.3 மடங்கு முடுக்கம் பதிவானது. கட்டடச் சட்டகம் உறுதியாக நின்றது. ஆனால் தீயணைப்புத் தெளிப்பான் குழாய்களும் குளிர்நீர்க் குழாய்களும் உடைந்து தண்ணீர் கொட்டியதால் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. சட்டகம் வென்றும் மருத்துவமனை தோற்றது என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக உணர்த்திய நிகழ்வு வேறில்லை.

இந்தியாவில்

1960-இல் ரூர்க்கி பல்கலைக்கழகத்தில் நிலநடுக்கப் பொறியியல் கல்வி தொடங்கியது. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1893 முதலில் 1962-இல் வெளிவந்தது. அதன் கவனம் பெரும்பாலும் கட்டடச் சட்டகத்தின் மீதே இருந்தது. கூரைமேல் நீட்டி நிற்கும் தொட்டி, புகைபோக்கி, கைப்பிடிச் சுவர் போன்றவற்றைக் கட்டடத்துக்குரிய கிடைவிசைக் கெழுவின் ஐந்து மடங்குக்கு வடிவமைக்க வேண்டும் என்ற விதி 2002 பதிப்பிலும் 2016 பதிப்பிலும் உண்டு. 2002 பதிப்பு கோயம்புத்தூரை மூன்றாம் மண்டலத்தில், 0.16 என்ற மண்டலக் கெழுவோடு வைத்தது.

2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் கட்ச் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் புஜ் மாவட்ட மருத்துவமனை இடிந்தது. துணைமின் நிலையங்களும் சேதமடைந்தன. காயமுற்றோர் குவிந்த வேளையில் அவர்களைச் சேர்க்க மருத்துவமனை இல்லை. அங்கே புதிதாகக் கட்டப்பட்ட 300 படுக்கை மருத்துவமனை, ஈயமும் ரப்பரும் சேர்ந்த தாங்கிகளின் மேல் அமைக்கப்பட்டு 2004-இல் திறக்கப்பட்டது. இத்தகைய கட்டடம் தரையிலிருந்து தனித்து அசைவதால், தரையிலிருந்து ஏறிவரும் ஒவ்வொரு குழாய்க்கும் கேபிளுக்கும் வளையும் இணைப்பு கட்டாயமாகிறது.

2005-இல் கௌதம் மண்டல், சுதிர் கே. ஜெயின் ஆகியோர் பல நாட்டு விதிகளை ஒப்பிட்டு இந்தியாவுக்கு ஏற்ற சூத்திரத்தை முன்மொழிந்தனர். சி.வி.ஆர். மூர்த்தியும் உடன் ஆசிரியர்களும் எழுதிய அறிமுக நூலைக் குஜராத் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்டது. 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் மருத்துவமனைப் பாதுகாப்பு வழிகாட்டுதல் வந்தது. 50 மீட்டருக்கு மேற்பட்ட உயரக் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 16700 விதி, 2017-இல் கருவிகளின் பாதுகாப்பையும் உள்ளடக்கியது. பெங்களூரு மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனத்திலும் சென்னை தரமணி கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்திலும் கருவிகளை ஆட்டிச் சோதிக்கும் அதிர்வு மேடைகள் உள்ளன.

விசைக் கணக்கு

மண்டல்–ஜெயின் முறையில், மண்டலக் கெழுவின் பாதி, உயரக் காரணி, கருவியின் நெகிழ்வுக்கும் தாங்குதிறனுக்கும் உள்ள விகிதம், முக்கியத்துவக் காரணி, எடை ஆகியவற்றைப் பெருக்கினால் கிடைவிசை கிடைக்கும். உயரக் காரணி தரைத்தளத்தில் 1, கூரையில் 2. கோவை மருத்துவமனை ஒன்றில் அறுவை அரங்குக்குக் காற்று தரும் 2,000 கிலோ இயந்திரம் ஸ்பிரிங் தாங்கிகளின் மேல் இருப்பதாகக் கொள்வோம். அதன் நெகிழ்வுக் காரணி 2.5, தாங்குதிறன் காரணியும் 2.5 என்பதால் விகிதம் 1. முக்கியத்துவக் காரணி 1.5. தரைத்தளத்தில் 0.08 × 1 × 1 × 1.5 = எடையில் 12 விழுக்காடு. ஸ்பிரிங் தாங்கிகளின் மேல் உள்ள கருவிக்கு இதை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதால் விசை 24 விழுக்காடு, அதாவது 480 கிலோ. அதே இயந்திரத்தை மொட்டை மாடியில் வைத்தால் 960 கிலோ. இந்த விசை பிணைப்பை இழுக்கவும் வெட்டவும் முயலும். உயரமான, குறுகிய பேனல் போர்டு என்றால் கவிழ்க்கவும் முயலும்.

நடைமுறை

கான்கிரீட் ஊற்றும்போதே புதைக்கப்படும் போல்ட் மிகவும் நம்பகமானது. பிறகு துளையிட்டுப் போடும் ஆங்கர்களில், கான்கிரீட்டில் விரிசல் விட்டாலும் பிடி தளராது என்று சோதித்த வகையே நிலநடுக்கத்துக்கு ஏற்றது. ஏனெனில் அதிர்வின்போது கான்கிரீட் விரிசல் விடும். கெமிக்கல் ஆங்கரில் துளையின் தூசியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, காற்றடித்து முழுக்க வெளியேற்றாவிட்டால் பசை கான்கிரீட்டைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். விளிம்புக்கு மிக அருகே துளையிட்டால் போல்ட் தாங்கினாலும் கான்கிரீட் பெயர்ந்துவிடும்.

ஸ்பிரிங் மேல் உள்ள கருவியைச் சுற்றிச் சிறு இடைவெளி விட்டு ஸ்னப்பர் எனும் தடுப்புகளைப் பொருத்த வேண்டும். கருவி ஓடும்போது அவை தொடாது. அளவுக்கு மீறி ஆடும்போது பிடித்துக்கொள்ளும். குழாய் கருவியைச் சேரும் இடத்தில் வளையும் இணைப்பு வேண்டும். தொங்கும் குழாய்களுக்கும் கேபிள் தட்டுகளுக்கும் பக்கவாட்டுத் தாங்கல் வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர்களை மேலும் கீழும் இரண்டு சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். ஜெனரேட்டர் எவ்வளவு உறுதியாக நின்றாலும் அதன் ஸ்டார்ட் பேட்டரி ஸ்டாண்டிலிருந்து விழுந்தால் அது கிளம்பாது. டீசல் குழாய் அறுந்தாலும் அதே கதிதான்.

கொங்கு நாட்டுக்கு உரியது

இந்தத் துறையில் பெரும் குறை, பொறுப்பு சிதறிக் கிடப்பது. கட்டடப் பொறியாளர் சட்டகத்தைப் பார்க்கிறார். மின் ஒப்பந்ததாரர் பேனலைப் பார்க்கிறார். பிளம்பர் குழாயைப் பார்க்கிறார். மூவரும் சேரும் இடமான பிணைப்பை யாரும் கணக்கிடுவதில்லை. கட்டும்போதே செய்தால் இந்த வேலைக்கு ஆகும் செலவு கருவியின் விலையோடு ஒப்பிட மிகச் சொற்பம். மோட்டாரும் பம்பும் செய்யும் கோவைத் தொழிலுக்கு இதற்கான இரும்பு வேலையும் கைத்திறனும் புதியவை அல்ல. கோவையிலும் அவிநாசியிலும் கட்டப்படும் ஒவ்வொரு மருத்துவமனையின், நீரேற்று நிலையத்தின் வரைபடத்திலும் கருவிப் பிணைப்புக்குத் தனித் தாளும், அதில் கையெழுத்திடும் ஒரு பொறியாளரும் இருக்க வேண்டும்.